எழுபதாயிரம் ஆண்டுச் சேறு

ஜப்பானின் ஃபுகுயி மாநிலத்தில் சுய்கெட்சு என்றோர் ஏரி. ஆழம் 34 மீட்டர். சுற்றிலும் குன்றுகள் இருப்பதால் காற்று இதை அதிகம் கலக்குவதில்லை. ஆறு எதுவும் நேராக வந்து விழுவதும் இல்லை. பக்கத்து மிகாத்தா ஏரியில் மணலை இறக்கிவிட்டுத்தான் தண்ணீர் இங்கே வருகிறது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் கிடையாது, ஆகவே சேற்றைக் கிளறப் புழு பூச்சியும் இல்லை. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

விழுவதோ பருவத்துக்குப் பருவம் வேறு. டயட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகி மடியும்போது ஒரு நிறப் படலம், களிமண் படியும்போது இன்னொன்று. ஆண்டுக்குச் சராசரியாக 0.7 மில்லிமீட்டர். இப்படியே 45 மீட்டர், ஏறத்தாழ 70,000 ஆண்டுகள்! இந்நேரம் தூர்ந்துபோயிருக்க வேண்டுமே? அருகிலுள்ள நிலப்பிளவால் ஏரிப்படுகை மெல்லத் தாழ்ந்துகொண்டே வருவதால் தப்பித்தது.

1993-இல் ஒரே துளை போட்டுச் சேற்றை எடுத்தபோது, குழாய்த் துண்டுகளுக்கு இடையே கொஞ்சம் விட்டுப்போனது. ஆண்டுகளை எண்ணுபவருக்கு அது பெரிய ஓட்டை. 2006-இல் ஆய்வாளர் தகேஷி நகாகவாவின் குழு நான்கு துளைகள் போட்டது. ஒன்றில் விட்டது மற்றதில் கிடைத்தது.

படலங்கள் ஆண்டைச் சொல்லும். குளிரா வெயிலா என்பதை மகரந்தம் சொல்லும். சேற்றை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டால் மணலே கரைந்துவிடும், மகரந்தத்தின் மேலுறை கரையாது. நுண்ணோக்கியில் பைன் மகரந்தத்தை இரண்டு காற்றுப்பைகளை வைத்தும், பிர்ச் மகரந்தத்தை மூன்று துளைகளை வைத்தும் அடையாளம் காணலாம். ஒரு மாதிரியில் நூற்றுக்கணக்கானவற்றை இப்படி ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்கு வழி இல்லை.

எண்ணினாலும் பைன் ஏமாற்றும். காற்றை நம்பும் மரம், மகரந்தத்தை வாரி இறைக்கும். பூச்சியை நம்பும் மரங்கள் அவ்வளவு உதிர்ப்பதில்லை. பாதி மகரந்தம் பைன் என்பதால் பாதிக் காடும் பைன் என்று சொல்லிவிட முடியாது. எனவே இன்றைய மேல்மண்ணில் உள்ள மகரந்தக் கலவைகளை அந்தந்த இடத்து வெப்பம், மழையோடு பொருத்தி வைத்துக்கொண்டு, பழைய கலவை எதை ஒத்திருக்கிறது என்று தேடுகிறார்கள். பனியுகக் காற்றில் கரியமில வாயு குறைவு. அதனால் அன்றைய காட்டுக்கு இன்று அச்சான இணை கிடைப்பது அரிது என்பதும் நினைவிருக்கட்டும்.

பனியுகம் முடிந்து உலகம் சூடேறிவந்த வேளையில், ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன், வட அட்லாண்டிக் பகுதியில் குளிர் திடீரெனத் திரும்பியது. ஜப்பானில் அந்தக் குளிர் சில நூற்றாண்டுகள் பிந்தியே வந்தது என்று 2003-இல் நகாகவா குழுவினர் சுய்கெட்சு மகரந்தத்தை வைத்து வாதிட்டார்கள். சேற்றின் வயதில் ஆயிரம் ஆண்டு முன்பின்னாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.