திருப்பூர்: 50 வயதைத் தாண்டிய டைலர்களை பனியன் கம்பெனிகள் தக்கவைப்பது எப்படி? முழு விளக்கம்

திருப்பூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் 'டைலர் தேவை', 'செக்கிங் ஆட்கள் தேவை' என்ற அட்டை கம்பெனி கேட்டில் தொங்குவதைப் பார்க்கலாம். ஆனால், அதே கேட்டுக்குள் 25 வருடம் ஓவர்லாக் ஓட்டியவர் 52, 53 வயதில் "இனி முடியலைங்க" என்று கணக்கை முடித்துக்கொண்டு கிளம்புவதும் நடக்கிறது. ஒரு பக்கம் ஆள் பற்றாக்குறை, இன்னொரு பக்கம் அனுபவசாலிகள் வெளியேற்றம். இதை எப்படித் தடுப்பது? முதலாளிகள் என்ன செய்யலாம்? தொழிலாளர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்ட ஆண்டு 1990. பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்த அந்தக் காலத்தில், 20 வயதில் மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் இருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு இப்போது 50 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களின் பிள்ளைகள் பலர் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த இடத்தை பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிரப்புகிறார்கள். ஆனால் ஹோலி, தேர்தல், சத் பூஜை என்று ஊருக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உள்ளூரில் வீடு, குடும்பத்தோடு இருக்கும் மூத்த தொழிலாளிதான் கம்பெனிக்கு நிலையான ஆள்.

மாநிலமும் மூப்படைந்து வருகிறது. மத்திய அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2021-ல் 13.6 சதவீதம். இது 2031-ல் 18.2 சதவீதமாக உயரும்.

மூத்த தொழிலாளர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்?

முதல் காரணம், கண். 40 வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். ஊசியில் நூல் கோர்ப்பதும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தையலைப் பார்ப்பதும் சிரமமாகும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு வேகம் குறைந்தால் சம்பளமும் குறையும்.

இரண்டாவது, நேரம். ஆர்டர் அவசரத்தில் 'ஒன்றரை ஷிஃப்ட்', அதாவது 12 மணி நேரம் வேலை என்பது திருப்பூரில் சாதாரணம். சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தாங்காது. ஒரு ஷிஃப்டோடு போகிறேன் என்றால், 'அப்படின்னா வேற ஆள் பார்த்துக்கறோம்' என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது.

மூன்றாவது, நின்றுகொண்டே செய்யும் வேலை. செக்கிங், பிசிறு வெட்டுவது, அயர்னிங், பேக்கிங் எல்லாம் அப்படித்தான். செக்கிங்கில் இருக்கும் 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு முதலில் பழுதாவது கால்.

செலவு இல்லாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் குறைந்த செலவில் முடியும். இதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் 2017-ல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த தேயிலை, போடாதவர்களோடு ஒப்பிட்டால் 21 சதவீதத்துக்கு மேல் கூடியது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இந்த வித்தியாசம் 30 சதவீதத்துக்கும் மேல். அவர்களும் திருப்பூர் டைலர் மாதிரி, செய்த அளவுக்குக் கூலி வாங்குபவர்கள்தான்.

இன்னொரு உதாரணம் ஜெர்மனி. டிங்கோல்ஃபிங் நகரில் உள்ள பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2007-ல், சராசரி வயது 47 வரும்படி ஒரு லைனை அமைத்தார்கள். என்ன மாற்றம் வேண்டும் என்று தொழிலாளர்களிடமே கேட்டார்கள். மரத் தரை, உயரம் மாற்றக்கூடிய இருக்கை, பூதக்கண்ணாடி, பெரிய எழுத்து, வேலையை மாற்றி மாற்றிச் செய்வது என சுமார் 70 சின்ன மாற்றங்கள் வந்தன. மொத்தச் செலவு சுமார் 40,000 யூரோ. ஒரே ஆண்டில் உற்பத்தித் திறன் 7 சதவீதம் உயர்ந்தது.

திருப்பூர் கம்பெனிகள் என்ன செய்யலாம்?

* கண் பரிசோதனை: 40 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முகாம், தேவைப்படுவோருக்குக் கண்ணாடி. ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு.
* உட்கார இடம்: நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே உள்ள விஷயம். செக்கிங் டேபிளுக்கு உயரமான ஸ்டூல், காலுக்கு ரப்பர் மேட் போதும்.
* ஒரு ஷிஃப்ட் லைன்: ஓவர்டைம் கட்டாயம் இல்லாத ஒரு லைனைத் தனியாக வைக்கலாம். 12 மணி நேரம் முடியாது என்பதற்காக, 8 மணி நேர வேலைக்காரரை இழக்க வேண்டியதில்லை.
* பயிற்சி தரும் வேலை: புதிதாக வருபவருக்கு ஓவர்லாக், பிளாட்லாக் கற்றுக்கொடுக்க மூத்த டைலரை விடச் சரியான ஆள் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவரைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால், அந்த நேரத்துக்கு அவருக்குக் காசு வராது. முந்தைய மாதங்களின் சராசரி வருமானத்தைவிடக் குறையாமல் சம்பளம் கொடுத்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு அப்போது அறிவித்தது. எனவே மேலே சொன்ன கண் பரிசோதனையை அதோடு சேர்த்தே நடத்திவிடலாம்.

பென்ஷனில்தான் பெரிய இழப்பு, எப்படி?

பி.எஃப். பென்ஷன் கிடைக்க குறைந்தது 10 வருட சர்வீஸ் வேண்டும். 58 வயதில் பென்ஷன் தொடங்கும். கணக்கு எளிது: கடைசி 60 மாத சராசரி சம்பளத்தை (உச்சவரம்பு ரூ.15,000) சர்வீஸ் வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். ரூ.15,000 சம்பளம், 10 வருடம் என்றால் மாதம் சுமார் ரூ.2,143. 20 வருடம் முடித்தவர்களுக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்க்கப்படும் என்பதால், மாதம் சுமார் ரூ.4,714 வரும்.

இப்போது, 53 வயதில் 6 வருட சர்வீஸ் மட்டுமே கணக்கில் உள்ள ஒரு பெண் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இன்னும் 4 வருடம் வேலையில் இருந்தால், வாழ்நாள் முழுக்க அவருக்கு பென்ஷன். இப்போதே நின்றுவிட்டால், கொஞ்சம் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரு ஸ்டூலும் ஒரு கண்ணாடியும் தீர்மானிக்கும் விஷயம் இதுதான்.

திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடும் பழக்கம் உண்டு. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால் பழைய சர்வீஸ் போய்விடும். பழைய கணக்கை அதே யு.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொண்டால் வருடங்கள் சேரும். 50 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரின் சர்வீஸையும் கம்பெனி ஹெச்.ஆர். எடுத்துப் பார்த்து, '10 வருடத்துக்கு இன்னும் இத்தனை மாதம் பாக்கி' என்று அவரிடம் சொல்வது பைசா செலவில்லாத உதவி.

கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ.?

5 வருடம் தொடர்ந்து வேலை செய்த நிரந்தரத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி. பீஸ் ரேட் தொழிலாளிக்கும் இது உண்டு. கடைசி 3 மாத சராசரியை வைத்துக் கணக்கிடுவார்கள். இதைத் தவிர்க்கவே இடையில் 'பிரேக்' காட்டும் கம்பெனிகளை விட்டுத்தான் அனுபவசாலிகள் முதலில் வெளியேறுகிறார்கள்.

குறைந்தது 5 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் விலகுபவர், ஆண்டுக்கு ரூ.120 கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். கணக்கு முடித்துக் கொடுக்கும் நாளில் இந்த ஒரு தகவலைச் சொல்லி அனுப்பினாலே, அந்தக் குடும்பத்துக்குப் பல வருட மருந்துச் செலவு மிச்சமாகும்.

தொழிலாளர்கள் உடனே செய்ய வேண்டியது என்ன?

யு.ஏ.என். எண்ணை உங்கள் போனில் பதிந்து, பாஸ்புக்கில் மொத்த சர்வீஸைப் பாருங்கள். ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். 10 வருடம் ஆகாமல் பென்ஷன் பணத்தை எடுக்காதீர்கள். வேலையை விடும் முடிவை எடுக்கும் முன், கண்ணை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.