தங்கவயல் பிள்ளைகளின் புள்ளிக் கணக்கு

புது தில்லி: கர்நாடகத்தின் பங்காருபேட்டை சந்திப்பைக் கடந்து பெங்களூருக்குச் செல்லும் காலை ரயில்களில் தமிழ்தான் அதிகம் ஒலிக்கும். கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பின், மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இந்த ரயில்களே பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அக்குடும்பங்களில் பொறியியல் படித்த பிள்ளைகளுக்கோ பெங்களூர் கடைசி நிறுத்தமல்ல. அவர்களது பார்வை கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என நீள்கிறது. அங்கே நுழைவதற்கு முதலில் தங்களைத் தாங்களே புள்ளிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

1880-களில் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தங்கவயலுக்கு வந்த பாட்டன்மாருக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. ஒப்பந்ததாரரின் வாய்ச்சொல்லும் உடல்வலுவும் போதுமானதாக இருந்தன. ஆனால், 1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பத்து விரல் ரேகையையும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்கின்றனர்.

1967-ல் தொடக்கம்: குடியேற வருவோரின் இனத்தைப் பார்ப்பதை 1962-ல் கைவிட்ட கனடா, 1967-ல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. வயது, கல்வி, மொழியறிவு, பணி அனுபவம் ஆகியவற்றுக்கு மதிப்பெண். அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு என்பதே அதன் பெருமை. "வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கையைக் கைவிட்ட ஆஸ்திரேலியா 1979-லும், நியூசிலாந்து 1991-லும், பிரிட்டன் 2002-லும் இவ்வழியில் வந்தன. ஆசியர்களுக்குக் கதவு திறந்ததில் இம்முறைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் கதவின் அகலம் தெரியும். 29 வயது, மணமாகாதவர், நான்காண்டு பொறியியல் பட்டம், மூன்றாண்டு பெங்களூர் அனுபவம், ஆங்கிலத் தேர்வில் கனடா அளவுகோலின்படி 9-ம் நிலை எனக் கொள்வோம். 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த "எக்ஸ்பிரஸ் என்ட்ரி' தரவரிசையில் வயதுக்கு 110, பட்டத்துக்கு 120, மொழிக்கு 124 கிடைக்கும். பட்டமும் மொழியும் சேர்ந்ததற்கு 25, அனுபவமும் மொழியும் சேர்ந்ததற்கு 50. மொத்தம் 429. 2024-ல் நடந்த பொதுப்பிரிவு அழைப்புகளில் கடைசி இடம் பிடித்தவரே 500-க்கு மேல் வைத்திருந்தார். முதுகலைப் பட்டம் இருந்தால் 15-ம், அதையொட்டிய கூடுதல் புள்ளிகளாக 25-ம் சேரும். அப்போதும் 469-தான்.

இதற்கிடையே பிறந்தநாள் வேறு வந்துவிடுகிறது. 30 வயதில் 105, 35-ல் 77, 40-ல் 50, 45-ல் ஒன்றுமில்லை. காத்திருப்பவருக்குக் காலமே எதிரி.

மாகாண அரசு ஒன்று பரிந்துரைத்தால் 600 புள்ளிகள் ஒரேயடியாகச் சேரும். மற்றொரு வழி பிரெஞ்சு. பிரெஞ்சு அறிந்தோருக்கான தனி அழைப்புகள் சிலவற்றில் 400-க்கும் குறைவான புள்ளிகளே போதுமானதாக இருந்தன. மும்மொழியா, இருமொழியா என்று இங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. பொறியாளர்களோ சத்தமில்லாமல் நான்காவது மொழியைக் கற்கத் தொடங்கிவிட்டனர்.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு முன்னர் 50 அல்லது 200 புள்ளிகள் உண்டு. அத்தகைய கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதையடுத்து, 2025 மார்ச் 25 முதல் அப்புள்ளிகளைக் கனடா நீக்கியது. விற்றவர்கள் செய்த தவறுக்கு, முறையாகக் கடிதம் பெற்றவர்களும் சேர்ந்தே இழந்தனர்.

சுரங்கத்தில் உழைத்தவர் கணக்கு: சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையைத் துளைத்த தொழிலாளி, 2001-ல் 45 வயதில் ஆஸ்திரேலியாவுக்கு மனுச் செய்திருந்தால் வயது வரம்பே அவரைத் தடுத்திருக்கும். சுரங்க வேலைக்கு ஆள் தேடும் நாடுதான் அது. ஆனாலும் சான்றிதழ் இல்லாத கைத்திறனை அளக்க அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் திறன் மதிப்பீடு என்ற வாசல் உண்டு. ஆங்கிலத் தேர்வு அங்கேயும் காத்திருக்கிறது.

பிரிட்டனில் 2021 முதல் நடைமுறையில் உள்ள 70 புள்ளித் திட்டம் பெயரளவில்தான் புள்ளி முறை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் வேலைவாய்ப்பு, வேலையின் தகுதி நிலை, ஆங்கிலம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஒன்றில் குறைந்ததை மற்றொன்றில் ஈடுகட்ட முடியாது. முதலாளி கையில்தான் சாவி.

பாதியில் மாறிய விதி: இதனினும் கசப்பான பாடத்தைப் பிரிட்டன் முன்னரே தந்துள்ளது. 2002 ஜனவரியில் தொடங்கிய உயர்திறன் குடியேற்றத் திட்டத்தை நம்பி, இந்தியர்கள் பலர் வேலையை விட்டுக் குடும்பத்தோடு சென்றனர். 2006 நவம்பரில் விசா நீட்டிப்புக்கான விதிகள் திடீரென மாற்றப்பட்டன. முன்பு புள்ளி தந்த பணி அனுபவம் கணக்கிலிருந்தே போனது. ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களுக்கும் புதிய விதி பொருந்தும் என்றது அரசு. நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக்குழு 2007-ல் இதைக் கண்டித்தது. பாதிக்கப்பட்டோர் சங்கமாகத் திரண்டு தொடுத்த வழக்கில், திட்டத்தில் முன்பே சேர்ந்தவர்களுக்கு முதலில் அளித்த வாக்குறுதிப்படியே நடக்க வேண்டும் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2008 ஏப்ரல் 8-ல் தீர்ப்பளித்தது. நிரந்தர வசிப்புரிமைக்கான காலம் நான்கு ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டதிலும், 2009 ஏப்ரலில் அவர்களே வென்றனர். ஆனால் இடைப்பட்ட காலத்தில் மூட்டை கட்டித் திரும்பியவர்களுக்கு அந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரவில்லை.

இவ்விஷயத்தில் தில்லியின் சட்டம் வேறு திசையில் நிற்கிறது. 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றுக்கு வேலைக்குச் செல்ல அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்குகிறது. ஆள் சேர்க்கும் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. புள்ளி முறையுள்ள கனடாவும் ஆஸ்திரேலியாவும் அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. நிரந்தரக் குடியேற்றத்துக்கு "ஆலோசனை' கூறிப் பணம் வாங்குவோரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டமும் அல்ல அது. 1983-ல் அப்படியொரு தொழில் கண்ணில் படவில்லை போலும். பஞ்சாப் மாநிலம் 2012-ல் தனிச் சட்டம் இயற்றி அத்தகையோருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பழைய மத்தியச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.