நர்சிங் முடித்தாயிற்று, எங்கே சேர்வது?

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என ரகம் பிரித்த மூட்டைகள் விலை போகும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு சேலம், நாமக்கல் வட்டாரத்து நர்சிங் கல்லூரிகளுக்குக் கட்டணமாகப் போகும் வீடுகளும் உண்டு. படிப்பு முடித்து வரும் பெண்ணிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி: “கவர்மென்ட்டா கண்ணு, பிரைவேட்டா?”

அரசு வேலையிலும் பல படிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நர்ஸ்களைத் தேர்வு செய்யும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., 2015-இல் 7,243 இடங்களுக்குத் தேர்வு நடத்தியது. வென்றவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பிறகு உயர்ந்தது. ஆனாலும் சேர்ந்த அன்றே நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு போகக்கூடாது. இன்னொன்று, இந்தத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் பாடத்தாள் மதிப்பெண் கணக்கிலேயே வராது. ஆங்கில வழியில் படித்தவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது வீண் வினை.

மத்திய அரசுப் பணிக்குப் போக நார்செட் தேர்வு இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020-இல் தொடங்கியது. அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர் முன் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவருக்கோ 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும்.

ஜி.என்.எம். மாணவிகள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டுக்குப் பக்கம், பஸ் செலவு மிச்சம் என்று பத்துப் படுக்கை நர்சிங் ஹோமில் சேர்ந்தால், அங்கே கழித்த வருடங்கள் நார்செட் விண்ணப்பத்தில் செல்லுபடியாகாது. ஆயிரம் இரண்டாயிரம் சம்பளம் குறைந்தாலும் பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யு., டயாலிசிஸ், அவசர சிகிச்சை என ஏதாவது ஒரு பிரிவில் நிலைத்து நிற்பதுதான் புத்திசாலித்தனம். படுக்கை எண்ணிக்கை, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் அனுபவச் சான்றிதழில் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். சம்பளம் பேசும்போது ஒரு தகவல் கைவசம் இருக்கட்டும்: உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

நேர்முகத் தேர்வில் தங்கப் பதக்கத்தை விடக் கைப்பழக்கம்தான் அதிகம் பேசும். “500 மில்லி சலைன், நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?” என்று கேட்பார்கள். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும்; சுமார் 42 சொட்டு. கைபேசியைத் தேடாமல் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. “ஏனுங்க சிஸ்டர், பாட்டில் முடிஞ்சு போச்சுங்க” என்று நோயாளியின் மனைவி கூப்பிடும்போது எழுந்து போகாமல் லாக் புக்கை நிரப்பிக்கொண்டிருந்த மாணவி இங்கேதான் திணறுவார். கிளினிக்கல் போஸ்டிங்கைக் கையெழுத்துக் கணக்காக முடிப்பவர்கள் தங்கள் முதல் வேலையையே தள்ளிப்போடுகிறார்கள். இதயம் நின்றவருக்கு உயிரூட்டும் பி.எல்.எஸ். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். அது இரண்டு வருடத்தில் காலாவதியாகும் என்பதால் முதல் வருடத்திலேயே எடுத்துவைப்பதில் பயனில்லை. இறுதி வருடத்தில் எடுக்கலாம்.

இறுதி வருடத் தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாமல் அரசு விண்ணப்பம் எதுவும் நகராது.

வெளிநாட்டுக் கனவு காண்பவர்களுக்கும் முதல் வேலைதான் அஸ்திவாரம். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் அனுபவம் கேட்டு, சான்றிதழ்களை வழங்கிய இடத்திலேயே சரிபார்த்து, தனித் தேர்வும் வைக்கின்றன. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. மூலம் ஆங்கிலத் தகுதியைக் காட்டலாம். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியே தெரிய வேண்டும். மொழியை வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், இரண்டு வருடம் போதுமானது.

யார் மூலம் போகிறோம் என்பதும் முக்கியம். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் நடந்த போரில் 46 இந்திய நர்ஸ்கள் சிக்கி மீண்டார்கள். மறு வருடம், குடியேற்ற அனுமதி கட்டாயமான நாடுகளுக்கு அரசு அனுமதித்த முகமைகள் வழியாகவே நர்ஸ்கள் செல்லலாம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படி அனுப்பும் அரசு நிறுவனம், 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வேறு யாராவது முன்பணமும் அசல் சான்றிதழும் கேட்டால், கொடுப்பதற்கு முன் அந்த முகவரின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.