அகலத் திரையும் நம் வீட்டுத் தொலைக்காட்சியும்



தீபாவளி முடிந்த வாரத்தில் என் மாணவன் ஒருவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஈப்போ பக்கம் ஒரு மலிவு விலை வீட்டில் குடியேறியவர். பண்டிகைக்காக 50 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றைத் தவணையில் எடுத்திருந்தார். செய்தி போட்டால் திரை நிறையப் படம் தெரிகிறதாம். சினிமாப் படம் போட்டால் மட்டும் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழுகிறதாம். "டீச்சர், பழுதான டிவியை என் தலையில கட்டிட்டாங்களா? இன்னும் இருபது மாசம் பணம் கட்டணுமே" என்றார். சினிமாத் திரையைப் போலவே நீண்டு அகன்ற டிவி இருக்கிறது, அதற்கு மாற்றிவிடு என்று யாரோ யோசனையும் சொல்லியிருந்தார்கள்.

அவருடைய டிவியில் பழுது எதுவும் இல்லை. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வடிவம் உண்டு. அகலம் எத்தனை பங்கு, உயரம் எத்தனை பங்கு என்பதே அந்த வடிவம். சினிமா பிறந்த காலத்தில் படத்தின் அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு என்று இருந்தது. 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற பழைய படங்கள் ஏறக்குறைய இந்தச் சதுர வடிவத்தில்தான் இருக்கும். பின்னர் வந்த தொலைக்காட்சிப் பெட்டியும் சினிமாவைப் பார்த்து அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்ததும் மக்கள் கொட்டகைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டினால்தான் கூட்டம் வரும் என்று பட முதலாளிகள் எண்ணினார்கள். 1953-இல் டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனம் 'தி ரோப்' என்ற படத்தைச் சினிமாஸ்கோப் முறையில் வெளியிட்டது. ஆன்ரி கிரெத்தியன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கண்டுபிடித்த ஒரு கண்ணாடி வில்லைதான் அதன் அடிப்படை. படம் எடுக்கும்போது அந்த வில்லை காட்சியைப் பக்கவாட்டில் பாதியாகச் சுருக்கி பிலிமில் பதியும். கொட்டகையில் மற்றொரு வில்லை அதை மீண்டும் விரித்துத் திரையில் வீழ்த்தும். இம்முறையில் படத்தின் அகலம் உயரத்தைப்போல் ஏறக்குறைய 2.35 மடங்கு ஆயிற்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஏ. பி. நாகராஜன் இயக்க, சிவாஜி கணேசன் நடித்தார்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-இல் வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், அந்த வீட்டு அஞ்சடி முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பெட்டியில் சினிமாஸ்கோப் படம் வந்தால் என்ன ஆகும்? படத்தை முழுதாகக் காட்டினால் பெட்டியில் பாதி இடம் கறுப்பாகிவிடும். அதனால் இருபுறமும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டுவார்கள். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் மூக்கு மட்டும் தெரியும்; மற்றவரின் குரல் எங்கிருந்தோ வரும். பெயர்கள் ஓடும்போது மனிதர்கள் மூங்கில்போல ஒல்லியாக நீண்டு தெரிந்ததும் சிலருக்கு நினைவிருக்கலாம். வெட்ட முடியாத எழுத்துகளுக்காகச் சுருங்கிய படத்தை அப்படியே விட்டதன் விளைவு அது. டைரக்டர் எடுத்த படத்தில் பாதிக்குச் சற்றே கூடுதலாக மட்டுமே நாம் பார்த்தோம்.

1980-களில் புதிய தொலைக்காட்சிக்கு வடிவம் தேடிய பொறியாளர்களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு வேலை செய்தார். அப்போது வழக்கில் இருந்த பட வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள தாள்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் தன்னுள் அடக்கும் செவ்வகத்தின் அகலம் ஏறக்குறைய 16 பங்காகவும் உயரம் 9 பங்காகவும் இருந்தது. பழைய சதுரப் படத்திற்கும் சினிமாஸ்கோப்புக்கும் இடையே ஒரு நடுவழி என்று இதைச் சொல்லலாம். இன்று நம் வீடுகளில் உள்ள தட்டை டிவி அனைத்தும் இந்த வடிவந்தான்.

நடுவழி என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சதுரப் படம் வந்தால் இடமும் வலமும் பட்டை விழும். அகலப் படம் வந்தால் மேலும் கீழும் பட்டை விழும். ஆகவே கறுப்புப் பட்டை டிவியின் நோய் அன்று. படத்தை ஒருபுறமும் வெட்டாமல் முழுதாகத் தருகிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி அந்த நீண்ட டிவிக்கு வருவோம். 2009-இல் பிலிப்ஸ் நிறுவனம் 21-க்கு 9 என்ற வடிவத்தில், 56 அங்குலத்தில், சினிமாவுக்கென்றே ஒரு தொலைக்காட்சியை வெளியிட்டது. அமெரிக்காவில் விசியோ என்ற நிறுவனமும் 2012-இல் அத்தகைய டிவியை விற்றுப் பார்த்தது. ஆனால் வாங்குவோர் மிகக் குறைவு. சில ஆண்டுகளிலேயே அவை கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. அவ்வடிவம் இன்று பெரும்பாலும் கணினித் திரைகளில்தான் இருக்கிறது.

ஏன் தோற்றது? அங்குலக் கணக்கில் விடை இருக்கிறது. டிவியின் அங்குலம் என்பது அகலமும் அல்ல, உயரமும் அல்ல; ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை அளக்கும் மூலைவிட்டம். சாதாரண 50 அங்குல டிவியின் அகலம் 43 அரை அங்குலம், உயரம் 24 அரை அங்குலம். அதே 50 அங்குலத்தில் நீண்ட டிவி செய்தால் அகலம் 46 அங்குலம், உயரம் ஏறக்குறைய 19 அரை அங்குலம். சினிமாஸ்கோப் படத்திற்குக் கிடைத்த லாபம் அகலத்தில் இரண்டரை அங்குலமே! நட்டமோ பெரிது. செய்தி, நாடகம், பந்து விளையாட்டு, பிள்ளைகளின் கல்வி நிகழ்ச்சி எல்லாம் 16-க்கு 9 வடிவத்தில் வருகின்றன. அவற்றை அந்த நீண்ட டிவியில் பார்த்தால் படம் 40 அங்குல டிவி அளவுக்குச் சுருங்கிவிடும். தாத்தா பாட்டி விரும்பும் கறுப்பு வெள்ளைப் படமோ 32 அங்குல அளவுக்கு இறங்கிவிடும். வாரத்தில் ஒருநாள் பார்க்கும் சினிமாவுக்காக ஆறுநாள் பார்ப்பதை இழப்பது நம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

எதிர்காலத்தில் திரைகள் எப்படி இருக்கும்? தென்கொரியாவின் எல்ஜி நிறுவனம் 2020-இல் பாய்போலச் சுருட்டிக்கொள்ளும் டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதன் விலை 10 கோடி வொன். நமக்கு எட்டாத கனி. சிறு சிறு ஒளிப் பலகைகளை ஓடுபோல் அடுக்கி, வேண்டிய வடிவத்தில் திரை அமைக்கும் முறையும் வந்துள்ளது. நம் கைக்கு எட்டுவது புரொஜெக்டர். அதில் படம் எந்த வடிவமோ ஏறக்குறைய அந்த வடிவத்திற்குத்தான் வெளிச்சம் தெரியும். ஆனால் அறை இருட்டாக இருக்க வேண்டும். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று. இதற்கிடையில் நம் பிள்ளைகளோ கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து, அகலத்தைவிட உயரம் கூடிய படங்களைப் பார்க்கிறார்கள். அவற்றை டிவியில் போட்டால் திரையில் மூன்றில் ஒரு பங்குதான் நிறையும். எல்லா வடிவத்திற்கும் பொருந்தும் திரை ஒன்று இல்லை.

ஆகவே டிவி வாங்கப் போகும்போது மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். முதலாவது, வைக்கப்போகும் இடத்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கடையில் டிவியின் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே கேளுங்கள். இரண்டாவது, உங்கள் குடும்பம் ஒரு வாரத்தில் எதை அதிகம் பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, பட்டையை மறைப்பதற்காகப் படத்தை இழுத்து நீட்டும் பொத்தானை அழுத்தாதீர்கள். மேலும் கீழும் இழுத்தால் மனிதர்கள் நெட்டையாவார்கள். பக்கவாட்டில் இழுத்தால் குட்டையாகிக் கொழுப்பார்கள். பெரிதாக்கினாலோ ஓரம் வெட்டுப்படும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை. பழைய நாளிதழில் 12-க்கு 9, 16-க்கு 9, 21-க்கு 9 அங்குலம் என மூன்று தாள்கள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்.

என்னைப் பார்க்க வந்த அந்தத் தந்தைக்கும் இப்படித்தான் தாள் வெட்டிக் காட்டினோம். வெட்டியவன் அவருடைய மகனே. சற்று நேரம் அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மாத்த வேணாம் டீச்சர்" என்றார். மேல்பணம் கட்ட வைத்திருந்த காசு மகனின் பள்ளிச் செலவுக்கு ஆயிற்று.