செத்தது பூச்சியா?

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

பல்வலி வந்தவர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! எங்கள் ஊர்ப் பக்கம் இதற்குக் காரணம் "பூச்சி" என்பர். கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டுப் புகை பிடித்தால் பூச்சி விழுந்துவிடும் என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். சில நாட்களில் வலி தானே நின்றுவிட்டால், "பூச்சி செத்தது" என்று மகிழ்வர். உண்மையில் செத்தது எது?

பல்லின் மேல் போர்த்தியிருப்பது எனாமல். நம் உடலில் மிகக் கடினமான பொருள் இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகள். இந்தக் கோட்டையைத் தகர்ப்பது புழுவன்று. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக்குகின்றன. பல்லின் மேல் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அதற்கடியிலுள்ள டென்டினையும் அரித்துச் சென்றால், நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் வந்துவிடும்.

விரலில் முள் தைத்தால் விரல் வீங்குகிறது. பற்கூழோ நாற்புறமும் சுவர்களுக்குள் அடைபட்டது, வீங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. உயிர் போகும் வலி இதனால்தான். இரத்த ஓட்டமும் தடைபடவே, கூழ் மெல்ல மடிகிறது. நரம்பு மடிந்தபின் வலி ஏது? ஆம், செத்தது பூச்சியன்று, பல்லின் உயிர்ப்பகுதி. பாக்டீரியாக்களோ சாகவில்லை. வேர்நுனி வழியே வெளியேறித் தாடை எலும்பில் சீழ் கட்டச் செய்கின்றன.

என் தாயாருக்கு நேர்ந்ததும் இதுவே. வலி நின்று சில மாதங்கள் சென்றபின் தாடை வீங்கிற்று. "பிடுங்கிப் போட்டுவிடலாம், ஒரு பல்லுதானே" என்றார். கூலிக்குச் செல்பவர் அப்படித்தான் கணக்குப் பார்ப்பார். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் கடைவாய்ப் பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் அந்த இடம் நோக்கிச் சாயும். எதிர்ப்பல் இறங்கி வரும். அவரை இணங்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

"ரூட் கெனால்" என்னும் வேர் சிகிச்சையில், மரத்துப்போக ஊசி போட்டபின் பல்லின் மேல் சிறு துளையிடுகின்றனர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழல்கள் உண்டு. ஊசி போன்ற அரங்களால் அவற்றைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகின்றனர். துணி வெளுக்க உதவும் அதே சேர்மம்தான்! இந்தக் கழுவுதலே சிகிச்சையின் உயிர்நாடி என்பேன். 1965-இல் அமெரிக்காவில் ககெஹாஷி குழுவினர், கிருமிகளே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் துளையிட்டுத் திறந்துவிட்டனர். கூழ் மடியவில்லை, புதிய டென்டினால் தன்னை மூடிக்கொண்டது. சாதாரண எலிகளிலோ கூழ் அழுகிற்று. பகைவன் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சுத்தமான குழலை அடைக்கும் பொருள் கட்டாபெர்ச்சா. மலேயாக் காட்டு மரமொன்றின் பால் இது. 1851-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இட்ட தந்திக் கம்பிக்கு மேலுறையாய் இருந்ததும் இதுவே. கடல்நீரைத் தடுத்தது இன்று நம் வாயில் கிருமியைத் தடுக்கிறது.

"உசுரில்லாத பல்லு எப்படிடா நிக்கும்?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பல்லைத் தாடையோடு பிணைத்திருப்பது வேரைச் சுற்றியுள்ள நார்த்திசு. அதற்கு இரத்தம் வருவது வெளியிலிருந்து, பற்கூழிலிருந்து அன்று. ஆகவே கூழ் போனாலும் பல் நிற்கும். ஆனால் சொத்தையும் துளையும் தின்றது போக எஞ்சிய சுவர் மெலிந்திருப்பதால், கடைவாய்ப் பல்லுக்கு உறை போடாவிடில் பிளந்துபோகக் கூடும். அம்மாவுக்கு உறை அடுத்த மாதம். அதுவரை அந்தப் பக்கம் முறுக்குக் கடிக்கலாகாது என்பது மருத்துவர் உத்தரவு.