எந்த விரிகுடாவுக்கு எல்.டி.ஏ. கிடைக்கும்? டிக்கெட் போடும் முன்னாடி படிச்சுடுங்க

கொல்லிமலை குண்டூர் நாட்டுல இருந்து எழுதுறேன். இங்கிருந்து கடல் பார்க்கணும்னா முதல்ல 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். அதனாலயோ என்னவோ, பெங்களூரு, சென்னையில வேலை பார்க்கிற நம்ம பசங்க லீவுக்கு வந்தா கடல் பேச்சுதான். கேள்வியும் ஒண்ணுதான்: "அண்ணா, வியட்நாம் ஹா லாங் விரிகுடாவுக்குப் போறேன், எல்.டி.ஏ.ல கிளெய்ம் பண்ணலாமா?"

முடியாது. 1994-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், பச்சைத் தண்ணிக்கு நடுவுல ஆயிரக்கணக்குல சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். கட்டாயம் பாருங்க. ஆனா எல்.டி.ஏ. வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான்.

"டெல்லியில இருந்து மதுரை வந்துட்டு அப்படியே வெளிநாடு போனா?" இதையும் செஞ்சு பார்த்தாச்சு. ஸ்டேட் பேங்க் ஊழியர் ஒருத்தர் டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்திட்டு டெல்லி திரும்பினார். மதுரை இந்தியாவுலதானே இருக்கு, அதுக்குக் குறைஞ்ச தூரக் கட்டணம்தானே கொடுத்தோம்னு பேங்க் வாதாடுச்சு. 2022 நவம்பர் 4-ல உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. வெளிநாடு கலந்த பயணத்துக்கு விலக்கு இல்லை, பேங்க் டி.டி.எஸ். பிடிச்சிருக்கணும்னு தீர்ப்பு. அவ்வளவு பெரிய பேங்குக்கே அந்த நிலைமை. உங்க ஹெச்.ஆர். ரிஸ்க் எடுக்க மாட்டாங்க.

சரி, எந்த விரிகுடாவுக்குக் கிடைக்கும்? நம்ம பாக் விரிகுடாவுக்கு. ராமேஸ்வரம் போங்க, 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துல ரயில்லயே கடலைத் தாண்டலாம். தனுஷ்கோடியில ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல்னு சொல்லுவாங்க. நடுவுல நின்னு பார்த்தா ஏன்னு புரியும். 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச சர்ச்சோட சுவர் இன்னும் நிக்குது. என்னைக் கேட்டா, முதல் ட்ரிப் இங்கேதான்.

அப்பா அம்மா முக்கியமா உங்களை நம்பித்தான் இருக்காங்கன்னா அவங்க டிக்கெட்டும் கணக்குல வரும். நாலு பேருக்குப் போக வர 12,000 ரூபாய்னு வைங்க. எல்.டி.ஏ. 40,000 இருந்தாலும் விலக்கு 12,000-க்குத்தான். ரூம், சாப்பாடு, உள்ளூர் ஆட்டோ எதுவும் சேராது. 20% ஸ்லாபுல செஸ் சேர்த்து மிச்சம் 2,496 ரூபாய். பெரிய தொகை இல்ல, ஆனா நாலு பேரும் ஒருவேளை நல்ல மீன் சாப்பாடு சாப்பிடலாம். லீவு போட்டிருக்கணும், டிக்கெட் கையில இருக்கணும், நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம்தான். முக்கியமா, நீங்க பழைய வரி முறையில இருக்கணும். புது முறையில இருந்தா எல்.டி.ஏ. முழுசும் வெறும் சம்பளம், ராமேஸ்வரமா ஹா லாங்கான்னு யோசிக்கவே வேண்டாம்.

வெளிநாட்டு பேக்கேஜ் எடுக்கறவங்க டி.சி.எஸ். பாருங்க. 2023 அக்டோபர்ல இருந்து 7 லட்சம் வரை 5%, மேல 20%னு இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல அந்த வரம்பு 10 லட்சமாச்சு. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுற விஷயம், அதனால புக் பண்ற அன்னைக்கு ரேட்டைக் கேளுங்க. இது செலவு இல்ல, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டின வரி. உங்க பான் நம்பரைக் கொடுத்தீங்கன்னா 26ஏ.எஸ்.ல தெரியும், ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து ஆஃபீஸ்ல சொல்லி மாசச் சம்பள டி.டி.எஸ்.லயே குறைச்சுக்கவும் வழி இருக்கு. நிறைய பேர் இதைக் கேட்கிறதே இல்ல.

கார்டு விஷயம் ஒண்ணு. ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% இருக்கிற கார்டுல 80,000 தேய்ச்சா, ஜி.எஸ்.டி.யோட 3,304 ரூபாய் கூடுதலா போகும். மெஷின் "ரூபாயா, டாங்கா"ன்னு கேட்டா டாங்கையே அழுத்துங்க. ரூபாயை அழுத்தினா மாத்துற ரேட்டைக் கடைப்பக்கம் வைப்பாங்க.