தலையாட்டுகிறவர் காதில் விழுந்ததா?

உங்கள் ஆபீஸ் மீட்டிங்கிலும் கடைசி நாற்காலியில் அப்படி ஒருவர் இருப்பார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். 'பாவம், வம்பு தும்புக்குப் போகாத மனுஷன்' என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் பேசியது அவர் காதில் விழுந்ததா என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா?

அரியலூர்க்காரர்கள் அவசியம் யோசிக்க வேண்டும். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலாகக் கிடந்த பூமி அது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் ஊரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள். கல்லை உடைக்கும் கிரஷர், அரைக்கும் மில், கம்ப்ரஸர்... பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். பெரம்பலூர்ப் பக்கத்து ஜல்லி கிரஷர்களிலும் இதே கதைதான்.

85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம், வருடக்கணக்கில் வேலை பார்த்தால், உட்காதிலுள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகள். அதனால்தான் ஆளுக்கே விஷயம் தெரிவதில்லை. குரல் கேட்கும், வார்த்தை புரியாது. 'பல்'லா, 'கல்'லா என்று குழம்பும். தலைக்கு மேல் ஃபேன் ஓடி, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் தீர்ந்தது!

இரண்டு தடவை "என்ன சார்?" என்று கேட்பார். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவார். 'செவிடு' என்று பெயர் வாங்க யாருக்குத்தான் மனசு வரும்? வேலைக்கும் ஆபத்து வருமோ என்ற பயம் வேறு. மீட்டிங் நோட்டில் 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று ஏறிவிடும். மறுநாள் எந்த பெல்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள், எது ஓடுகிறது என்று தெரியாமல் கையை விடப்போவது அவர்தான்.

1984-ல் போபாலில் விஷவாயு கசிந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயமான தொழில்களில் தொழிலாளர்களும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு கட்டாயமானது. அந்தப் பட்டியலில் சிமெண்டும் இருந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது, சரி. காது?

மீட்டிங்கை நடத்துபவர் நீங்களா? ஃபேனைக் குறையுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். அவர் உங்கள் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார். கத்தாதீர்கள், கத்தினால் வார்த்தை இன்னும் சிதையும். "புரிஞ்சுதா?" என்பதைப் போல் உபயோகமற்ற கேள்வி கிடையாது. "அண்ணே, நாளைக்கு முதல்ல எதை நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் தயங்கினாலும் நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேளுங்கள். உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ், ரிச்சர்ட் ஃபார்சனுடன் சேர்ந்து 1957-லேயே எழுதிய வழிதான் இது. முக்கால்வாசி நேரம், மெஷினைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று அப்போதுதான் வெளியே வரும்.

வீட்டம்மாக்களுக்கும் இதில் வேலை உண்டு. டி.வி. சத்தம் மாதாமாதம் ஏறுகிறதா? போனை எப்போதும் ஒரே காதில் வைக்கிறாரா? 'காதுக்குள்ள வண்டு கத்துது' என்கிறாரா? அரசு மருத்துவமனை காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப்போய் ஆடியோகிராம் எடுங்கள். ஷிப்ட் முடிந்து நேராக ஓடாதீர்கள். குறைந்தது 14 மணி நேரமாவது காது இரைச்சலில்லாமல் ஓய்ந்திருக்க வேண்டும். வார லீவு நாளுக்கு மறுநாள் காலை, டியூட்டிக்குப் போகுமுன் போவது உத்தமம்.